சுண்டிப் பார்த்த வாணலி

மெக்கானிக் வாணலியைச் சுண்டினார். சத்தம் வரவில்லை.

நகம் வலித்தது, அவ்வளவுதான். வார்ப்பிரும்பில் இப்படி ஒன்றை அவர் கண்டதே இல்லை. பகலெல்லாம் லிஃப்டுகளோடு மல்லுக்கட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் பழைய இரும்புக் கடைகளைக் கிளறுவது அவர் வழக்கம். 'இரும்புப் பைத்தியம்' என்பது மனைவி வைத்த பெயர். அவர் சேர்த்ததெல்லாம் விறகடுப்புக் காலத்து வாணலிகள். அடுப்பு வாயில் ஆடாமல் உட்கார அடியில் வளையம் வைத்து வார்த்தவை, உட்புறம் வழுவழுவென்று இழைத்தவை. துருவைச் சுரண்டி, எண்ணெய் பூசிச் சூடேற்றி, கூடத்து அலமாரியில் வரிசையாக வைத்திருந்தார். வாங்குமுன் ஒரே சோதனைதான். சுண்டும்போது 'தட்' என்றால் எங்கோ விரிசல், வைத்துவிட்டு நடந்துவிடுவார். 'ணங்' என்று நீண்டு ஒலித்தால், பழைய துணியில் நாலு பக்கமும் மடித்துச் சுற்றி, இரு கையாலும் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுவருவார்.

மகளுக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை. மருந்து வாங்கப் போன வழியில், ஒரு பழைய இரும்புக் கடையில்தான் இந்த வாணலி கண்ணில் பட்டது. கடைக்காரர் காசுகூட வாங்கவில்லை.

"எடுத்துட்டுப் போங்க சார். சுண்டி மட்டும் பாக்காதீங்க."

"ஏன்?"

"கொண்டாந்து போட்டவங்க சொன்னாங்க. எனக்கு வேற எதுவும் தெரியாது."

மேலே கேட்க அவருக்குத் தெம்பில்லை. கடையில் சுண்டாமல்தான் எடுத்து வந்தார். வீட்டுக்கு வந்ததும் கை சும்மா இருக்கவில்லை.

வாணலியைத் தரையில் வைத்துவிட்டு மகளின் கட்டிலருகே போய் உட்கார்ந்தார். வெளியே மழை, இருட்டு. மருந்து வாடையும் ஈரத்துணி வாடையும் அறைக்குள் தேங்கி நின்றன. கட்டிலின் மறுபுறம் நாற்காலியில் மனைவி, தூங்காத கண்களோடு, தலையைச் சுவரில் சாய்த்திருந்தாள்.

கூடத்திலிருந்து 'ணங்' என்றது.

அலமாரியின் முதல் வாணலி. அதன் குரல் அவருக்குத் தெரியும். சற்றுப் பொறுத்து அடுத்தது. அதற்கடுத்தது. யாரோ நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் காது கொடுத்துக் கேட்டபடி, வரிசையில் நடந்து வருவது போல.

"சும்மா தட்டிக்கிட்டே இருக்காதீங்க," என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல். "இப்பதான் பாப்பா கண்ணசந்தா."

"நான் இங்கதானே இருக்கேன்."

அவள் அந்த நொடியே தூங்கிப் போயிருந்தாள்.

அலமாரி முடிந்தது. சுவரில் 'தட்'. கொஞ்சம் கிட்டத்தில், கதவில் 'தட்'. கதவு திறக்கவில்லை. ஆனால் துருவும் பழைய எண்ணெய்ச் சிக்கும் கலந்த வாடை உள்ளே வந்துவிட்டது. எழுந்து மகளைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும் என்று நினைத்தார். தூங்காத உடம்பு எழ மறுத்தது.

கட்டில் காலில் 'தட்'.

மனைவியின் தலை லேசாக அசைந்தது. 'தட்'. தூக்கத்திலேயே முகம் சுளித்தாள்.

பிறகு அவர் நெற்றியில். சில்லென்று ஒரு நகம்.

'தட்'.

போன உயிர் திரும்பி வந்தது. நான் வேண்டாம். நான் விரிசல். அந்த ஆறுதல் மறையுமுன் மிச்சம் இருப்பது யார் என்று உறைத்தது. பாய்ந்து மகளின் நெற்றியை உள்ளங்கையால் மூடினார். கொதித்தது.

மழை நின்றிருந்தது.

அவர் கைக்கு அடியிலிருந்து வந்தது.

'ணங்'.

சுத்தமாக. நீளமாக. அவர் வாங்கிய எதுவும் அப்படி ஒலித்ததில்லை.

மகள் கண் விழிக்கவில்லை. போர்வையின் ஒரு பக்கம் தானாக மேலே மடிந்தது. பிறகு எதிர்ப்பக்கம். பிறகு கால்மாட்டில், பார்த்துப் பார்த்து, சுருக்கம் விழாமல்.