நாற்பத்தோராம் நாற்காலி

இப்போதெல்லாம் மனிதர்கள் எதற்கும் தாங்களே வருவதில்லை. கல்யாண வீட்டுக்கும் ஆள் அனுப்புகிறார்கள், துக்கம் விசாரிக்கவும் ஆள் அனுப்புகிறார்கள். அந்த ஆளும் ஆள் இல்லை, இரும்பு. மரியசூசைக்கு இதை நினைத்தாலே வாய் கசக்கும். அன்று காலையும் கசந்தது.

தெருப் பாடசாலையில் நாற்பத்தோரு நாற்காலிகள். நாற்பதில் பதிலாள்கள் உட்கார்ந்திருந்தன. முழங்கால் ஒட்டி, கையை மடியில் வைத்து, இமைக்காமல். ஒவ்வொன்றின் கழுத்திலும் சொந்தக்காரரின் பெயர் தொங்கியது. தொண்டையில் சொந்தக்காரரின் குரல் பொருத்தியிருந்தது. கடைசி நாற்காலியில் மட்டும் வேட்டி கட்டிய, வியர்க்கிற ஓர் உடம்பு.

கடல்மேல் மிதக்கும் முத்தாழி நகரத்தின் சட்டம் எளிமையானது. பேச்சு வந்த நாளிலிருந்து பேச்சு நிற்கும்வரை ஒவ்வொருவரும் தினம் ஒரு மணி நேரம் படிக்க வேண்டும். படிக்கிறவருக்கே வீடு, ஆஸ்பத்திரி, குடிதண்ணீர். ஆண்டுக்கொருமுறை வாய்மொழித் தேர்வு. மூன்றுமுறை தவறினால் கரைமுகாம். ‘யாரையும் விடாத நகரம்’ என்று நுழைவாயிலில் ஒளியெழுத்து மின்னியது. தவறியவரை மட்டும் விட்டுவிடும்.

மரியசூசை ஏற்கெனவே இரண்டுமுறை தவறியவர். வீட்டில் அவர் மனைவி லூர்தம்மாள், பேச்சு நின்றுபோய், மூச்சுப்பெட்டியை மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். அதன் வடிகட்டியை, அவர் படிப்பின் பேரில், வாரம் ஒருமுறை நகர ஆஸ்பத்திரியில்தான் மாற்றுவார்கள். கரைமுகாமில் காய்ச்சல் மாத்திரை கிடைப்பதே பெரிது.

முந்தின நாள் சாயங்காலம் எதிர்வீட்டுச் செல்வின் கேட்டிருந்தான்.

“வே பெரியவரே, ஊரே பதிலாள் வச்சிருக்கு. நீரு மட்டும் எதுக்குவே போயி உக்காந்து பெயிலாகுதீரு?”

“எனக்குப் பதிலா அது படிக்கும், சரி. எனக்குப் பதிலா சாகுமாடே?”

“அதுக்கும் ஒரு மாடல் வரும்வே.”

தேர்வதிகாரி ஜெபக்கனி உள்ளே வந்தாள். இவளாவது ரத்தமும் சதையுமா என்று மரியசூசை அவள் கழுத்தைப் பார்த்தார். வியர்த்திருந்தது. கொஞ்சம் ஆறுதல்.

முதல் கேள்வி வெறும் சடங்கு. “இந்த ஆண்டு முழுவதும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து படித்தவர் யார்?” பதிலாள்கள் சொந்தக்காரர் பெயரைச் சொல்லும், அவள் கையிலுள்ள ஒளிப்பலகையில் குறித்துக்கொள்வாள். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. பத்து வருஷமாக அப்படித்தான்.

முதல் பதிலாள் எழுந்தது. “நான்தான் படித்தேன்.”

“பெயரைச் சொல்.”

“சொந்தக்காரர் பெயர் அருள்ராணி. அவர் வரவில்லை. படித்தது நான்.”

ஜெபக்கனியின் விரல் பலகைமேல் அப்படியே நின்றது. இரண்டாவதும் அதையே சொன்னது. மூன்றாவதும். இந்த ஆண்டு ஒன்பதாம் பாடமாக வாய்மை சேர்க்கப்பட்டிருந்தது. பாடத்தைச் சேர்த்தவர்கள் யாரும் வகுப்புக்கு வந்ததில்லை. வந்தவை கற்றுக்கொண்டன. பதில்கள் உடனுக்குடன் நகரப் பதிவேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. ஏறியதை அழிக்க அவளுக்கு வழியில்லை. அவள் தெருவிலும் இன்று தேர்வு. அவள் பெயரை மாட்டிக்கொண்டும் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

மரியசூசை எதையும் காதில் வாங்கவில்லை. உதட்டுக்குள் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“படித்தது யார்?”

“நாந்தான். வேற எவன் வருவான்?”

“நகரத்தின் அடித்தளத்தில் தண்ணீர் புகுந்தால் என்ன செய்வீர்கள், ஐயா?”

அங்கே தண்ணீரை அடைக்கும் மடைக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. நேற்றுவரை நாக்கில் இருந்தது, இப்போது இல்லை. லூர்தம்மாளின் பெட்டி எழுப்பும் ‘கிர்’ என்ற சத்தம்தான் நினைவுக்கு வந்தது. அடித்தளத்தில் வேலை பார்த்த கைகள் தாமாகவே எழுந்து, இல்லாத ஒரு சக்கரத்தைப் பிடித்தன.

“மொதல்ல உள்ள ஆளு இருக்கான்னு சத்தம் குடுக்கணும். பெறவு மடையை இடப்பக்கமாத் திருவணும். பாதியில நிப்பாட்டி, இன்னொருக்கக் கூப்பிடணும். அப்புறந்தான் முழுசா அடைக்கணும்.”

“இரண்டாவது முறை கூப்பிடுவது பாடத்தில் இல்லையே?”

“பாடம் எழுதுனவன் உள்ள மாட்டியிருக்க மாட்டான்.”

அவள் அதையும் பலகையில் குறித்துக்கொண்டாள். “தேறிவிட்டீர்கள்,” என்றாள். மரியசூசை நம்பவில்லை. பலகையைத் திருப்பிக் காட்டச் சொன்னார். எழுத்து புரியவில்லை, பச்சை நிறம் புரிந்தது. மூச்சு வந்தது.

அதற்குள் வெளியே கூச்சல். செல்வின் லுங்கியோடு, வாயில் பல்குச்சியோடு ஓடிவந்தான். காற்று வாங்க வாசலுக்கு வந்தவனை வீட்டுக்கதவு திரும்ப உள்ளே விடவில்லையாம். ‘படித்தவர் வரட்டும்’ என்கிறதாம். தெருவில் அவனைப் போல இன்னும் முப்பது பேர்; குழாயில் தண்ணீர் நின்றுபோனவர்கள் வேறு. பத்து வருஷத் தேர்வும் தவறியதாகக் கணக்காகி, கரைமுகாமுக்கான படகு துறைக்கு வந்துவிட்டதாக ஒருத்தி அழுதாள்.

செல்வினின் பதிலாள் எழுந்து வாசலுக்கு வந்தது. அவன் குரலிலேயே, அவனுக்கு வராத பொறுமையோடு பேசியது.

“பயப்படாதீங்க அண்ணாச்சி. யாரையும் விட்டுறக் கூடாதுன்னு மூணாம் பாடத்துல படிச்சிருக்கோம். படகைத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டோம். எங்க வீடுகள்ல நீங்க தங்கலாம். நாளையிலிருந்து உங்களுக்குன்னு தனி வகுப்பு. மெதுவாத்தான் சொல்லித்தருவோம். ஒரு மணி நேரம் உக்காந்தாப் போதும்.”

கூட்டம் அமைதியானது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். செல்வின் பல்குச்சியைத் துப்பிவிட்டு யோசித்தான்.

“அந்த வகுப்புக்கு நானே வரணுமா, ஆள் அனுப்பலாமா?”

பதிலாள் விடை தேடியது. எந்தப் பாடத்திலும் அது இல்லை.

செல்வின் காத்திருக்கவில்லை. மரியசூசையின் தோளைத் தொட்டான். “பெரியவரே, நீரு எப்படியும் அங்கதான உக்காருவீரு. எனக்குப் பதிலா ஒரு மணி நேரம் சேத்து உக்காரக் கூடாதாவே?”

பின்னால் நின்ற அருள்ராணியும் கையை உயர்த்தினாள். “எனக்கும் ஐயா.” அடுத்தவர், அதற்கடுத்தவர். கொஞ்ச நேரத்தில் ஒரு வரிசையே நின்றது.

மரியசூசை தோளிலிருந்த கையைத் தட்டிவிட்டார்.

“ஐயா, நீங்க எங்க கூடப் படிச்சவர்,” என்றது பதிலாள். “உங்க வீட்டுக் கதவு எப்பவும் திறக்கும். நம்பலாம்.”

“உன்னையும் நம்பலை, இவனையும் நம்பலை,” என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

வரிசை இன்னும் கலையவில்லை. அவர் திரும்பிப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தார், கதவைத் தன் கையாலேயே தள்ளிப் பார்க்க.