வலது ஓரத்தை வெட்டிய படம்

காலையில் மாட்டியபோது, படத்தில் இருந்தவர்கள் சட்டத்தின் வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பியவளுக்கு, அந்தப் பார்வை கொஞ்சம் தள்ளிப் போயிருந்ததுபோல் பட்டது. சட்டத்தைத் தாண்டி, பின்னறைக்குப் போகும் வழியை அவர்கள் பார்த்தார்கள்.

"மட்டமான பிரின்ட்" என்று முகம் சுளித்தாள்.

அந்த ஸ்டூடியோக்காரனே மட்டம். வெட்டச் சொன்னால் வெட்டாமல் பாடம் நடத்தினான். "மேடம், ஓரத்துல நிக்கிறவங்க என்னமோ சொல்ல, எல்லாரும் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறாங்க. அவங்களை வெட்டிட்டா, இவங்க எதைப் பாக்குறாங்கன்னுதான் கண்ணு தேடும்."

"படம் எனக்கா, உங்களுக்கா?"

ஓரத்தில் நின்றது நாத்தனார். கல்யாணம் ஆகாமல், பின்னறையில் கிடந்து, வீட்டு வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்து, போன வருஷம் செத்தும் போனவள். நைந்த புடவை, ஈறு தெரியும் சிரிப்பு. அதையெல்லாம் வருகிறவர்களுக்குக் காட்டி மானத்தை வாங்கவா? வெட்டியதும் படத்துக்கு எவ்வளவு லட்சணம்! கணவர், மாமியார், மகள். நடுவில், கேமராவை நேராகப் பார்த்தபடி அவள். முழுப் படத்தில் அவளை யாருமே சட்டை செய்யவில்லை. வெட்டிய படத்தில் அவள்தான் எஜமானி.

மற்ற மூவரும் கடைக்குப் போயிருந்தார்கள். ஈரத்துணியும் மூட்டுவலித் தைலமும் கலந்து, வெகுநாள் மூடிக் கிடந்த அலமாரியைத் திறந்ததுபோல் ஒரு வாசனை பின்னறைப் பக்கமிருந்து மெல்லக் கசிந்து வந்தது. எதையும் ஒழுங்காகக் காயப்போடத் துப்பில்லாத குடும்பம் என்று திட்டியபடியே நிமிர்ந்தவள், படத்தில் மூவரும் சாப்பாட்டு மேஜையைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டாள்.

மேஜையருகே யாருமில்லை. ஒரு நாற்காலி மட்டும் இழுத்துப் போடப்பட்டிருந்தது.

கணவருக்குப் போன் செய்தாள். "ஏங்க, எப்ப வருவீங்க?"

"இப்பத்தானே கடைக்கு வந்தோம். ஆமா, பக்கத்துல யாரு? சிரிக்கிற சத்தம் கேக்குது."

"யாருமில்லையே."

"டிவியா இருக்கும்" என்று வைத்துவிட்டார்.

டிவி ஓடவில்லை.

கேவலம், ஒரு காகிதம். இதற்குப் போய்ப் பயப்படுவதா? கழற்றி எறிந்தால் தீர்ந்தது. சுவரை நோக்கி நடந்தாள். சட்டத்தைப் பிடிக்கக் கையை உயர்த்தினாள்.

பின்னால், தரையில் செருப்பு இழுபட்டது.

மூன்று ஜோடிக் கண்களும் நகர்ந்தன. மேஜையை விட்டு. சோபாவுக்கு. இன்னும் கிட்டே.

தைல வாசனை. கழுத்தில் ஈரக்காற்று.

இப்போது எல்லோரும் நேராகப் பார்த்தார்கள். எந்தக் குடும்பப் படத்திலும் பார்ப்பதுபோல. ஆனால் அவளை அல்ல. அவள் தோளுக்குச் சற்று மேலே. ஆசையாக.

நடுவில் நின்றவள் மட்டும் சிரிக்கவில்லை. அவளும் அங்கேதான் பார்த்தாள். படத்தில் அவளுடைய வாய் மெல்ல, மெல்லத் திறந்துகொண்டிருந்தது.