நிற்காத தராசு முள்

தராசு முள் நிற்கவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே மயிரிழை அளவு இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. தட்டில் ஒன்றுமே இல்லை.

எல்டன் காலையிலிருந்து நிலவறையில்தான் கிடந்தான். மொன்டானாவில் மான் வேட்டை தொடங்க இன்னும் சில நாள்தான். இந்த வருஷம் தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொள்வது என்று முடிவு செய்து, தடித்த பைன் மேசையைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கி, அதன் விளிம்பில் தோட்டா அழுத்தும் பிரஸ்ஸைப் பொருத்தி, எண்ணெய் வாசமும் ஈரச் சிமெண்ட் வாசமும் மூக்கில் ஏற, கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியாகத் தராசை எடுத்து வைத்திருந்தான். பேட்டரித் தராசு வேண்டாம், முள் தராசை வாங்கு என்று சொன்னவன் பக்கத்துப் பண்ணை க்ளைட். தோட்டாவில் வெடிமருந்தின் எடை கொஞ்சம் கூடினாலும் துப்பாக்கி முகத்திலேயே வெடித்துவிடும். உண்மையில் எல்டனுக்கு வேட்டையில் மனசே இல்லை. மனைவி லோர்னா இதய அறுவை சிகிச்சை முடிந்து போன வாரம்தான் வீடு திரும்பியிருந்தாள். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அவனைப் பிடுங்கித் தின்றது. கைக்கு ஒரு வேலை வேண்டும் என்றுதான் இந்தச் சாமான்களையே வாங்கினான்.

போனில் க்ளைட் சிரித்தான். "அட மடையா, காத்து பட்டா ஆடத்தான் செய்யும். ஹீட்டரை அணை. கதவைச் சாத்து. கிழட்டு மாடு மாதிரி அது மேல மூச்சு விடாத!"

அணைத்தான். சாத்தினான். ஹீட்டரின் இரைச்சல் அடங்கியதும், குழாய் சொட்டுவதும், சன்னலில் பனி உரசுவதும், மேலே லோர்னாவின் செருப்புச் சத்தமும் தனித்தனியாகக் கேட்டன. முள் இறங்கியது. ஏறியது.

வாயைப் பொத்தி மூச்சை அடக்கினான். காது அடைத்தது. முள் இறங்கியது, ஏறியது. தூங்குகிறவர் மூச்சு விடுவதைப் போல, அவசரமே இல்லாமல்.

தராசை மேசையின் மறுமுனைக்கு நகர்த்தினான். ஆட்டம் கூடியது. புறங்கையில் சில்லென்று ஏதோ பட்டது. திரும்பினான். சுவர். பெட்டிகள். யாரும் இல்லை.

படிக்கட்டின் உச்சியில் கதவு திறந்தது.

"ஹீட்டரை ஏன் நிறுத்தின? நடுங்குது எனக்கு!"

"லோர்னா, கீழ இறங்காத. டாக்டர் படி ஏறக்கூடாதுன்னாருல்ல."

"ஆமாமா, சொன்னாரு. அந்த விளையாட்டுச் சாமானை விட்டுட்டு வா. சூப் ஆறிடும்."

கதவைத் திறந்துபோட்டுவிட்டு அவள் போய்விட்டாள். எல்டன் தராசைப் பார்த்தான்.

முள் நின்றிருந்தது. சரியாகப் பூஜ்யத்தில்.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. ஒரு நொடிதான்.

படிக்கட்டு கிறீச்சிட்டது. அடிப்படி. நடுப்படி. மேல்படி. யாரும் ஏறவில்லை. லோர்னாவின் செருப்புச் சத்தம் அதற்குள் சமையலறைக்குப் போயிருந்தது.

"லோர்னா!"

ஓடினான். முழங்கால் படியில் இடித்தது. எழுந்தான். ஓடினான்.

சமையலறை. அடுப்பு. அவள் முதுகைக் காட்டி நின்று சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"சும்மா இரு எல்டன்." திரும்பாமலே சிரித்தாள். "கழுத்துல ஊதாத. ஐஸ் மாதிரி இருக்கு."

எல்டன் வாசலில் நின்றிருந்தான்.

அவள் பிடரியில் நரைமுடி மேலெழுந்தது. படிந்தது. கரண்டி கையிலிருந்து நழுவியது. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். முடி மட்டும், அவசரமே இல்லாமல், எழுந்து படிந்துகொண்டிருந்தது.