ஆளில்லாமல் இறுகிய நாற்காலி

நேற்று மாலை தொட்டாலே கழன்று விழும்படி தளர்த்திவிட்டுப் போன நாற்காலிக் கால்கள், மெர்ல் காலையில் ஷெட்டைத் திறந்தபோது இரும்பாய் இறுகியிருந்தன.

ஆணியோ பசையோ இல்லாத பழைய டாஸ்மேனியப் பண்ணை நாற்காலி அது. கால்கள் பலகையைத் துளைத்துக்கொண்டு கைப்பிடிவரை போகும்; ஆள் உட்கார்ந்தால்தான் விரிந்து இறுகும். முப்பது வருடமாக இப்படிப்பட்டவற்றைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் ஏற்றிப் புதுசாக்குகிறாள் மெர்ல். ஆளில்லாமல் இறுகிய ஒன்றை இன்றுதான் பார்க்கிறாள். மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் ஆளிவிதை எண்ணெய் வாசத்துக்கு அடியில் யாரோ பல நாள் துவைக்காமல் போட்ட கம்பளிச் சட்டையின் வாடை வந்தது. தகரக் கூரையில் மழை ஓயும் சிறு இடைவெளிகளில் பலகை மெல்ல முனகுவது கேட்டது. இந்த வயதில் இதற்கெல்லாம் பயப்படுகிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

நேற்று, திங்கட்கிழமை, அதில் உட்கார்ந்தவன் தம்பி கிளைவ்தான். மரலாரி ஓட்டுபவன், நூற்றிருபது கிலோ. மூட்டு சரியாகப் பதிகிறதா என்று பார்க்க அவனை விட்டால் ஆள் கிடையாது.

"உக்காருடா. அந்த உடம்பு ஒரு வேலைக்காவது ஆகட்டும்."

"சும்மாலாம் உக்கார முடியாது. ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கால் ரோஸ்ட்டு. எனக்கு ரெண்டு தட்டு."

ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டை இரண்டு தட்டு தின்றான். அதற்குள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, பெல்ட்டில் புதுத்துளை போட்டிருந்தான். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். தினமும் மாலை அவள் கால்களைத் தளர்த்தினாள். தினமும் காலை அவை இன்னும் இறுகியிருந்தன.

அடுத்த செவ்வாய் மதியம் கிளைவால் சோபாவிலிருந்து எழ முடியவில்லை. கை கொடுத்துத் தூக்கினாள். துணிக்கூடை அளவுகூடக் கனம் இல்லை.

"அக்கா, பயமா இருக்குக்கா. கொஞ்சங் கொஞ்சமா என்னைய யாரோ எடுக்குறாங்க."

அவனை விட்டால் அவளுக்கு யாருமில்லை.

கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினாள். நாற்காலிக் காலில் ஓங்கி ஓர் அடி. வீட்டுக்குள் கிளைவ் அலறினான். இன்னொரு அடி, மெதுவாகத்தான். மறுபடி அலறல். கொட்டாப்புளி கையிலிருந்து நழுவியது.

உடைக்க வழியில்லை. உட்கார்ந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தால், போனது திரும்பி வருமோ? வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. அவனை இரு கைகளில் ஏந்தி மழையில் நடந்தாள்.

"வேணாம்க்கா."

"ஒரு நிமிஷம்டா. ஒரே நிமிஷம்."

உட்காரவைத்தாள்.

முதுகு சாய்ந்தது. கால்கள் தொங்கின. பலகை முனகியது.

ஆனால் அவன் பலகையைத் தொடவில்லை. நடுவே ஒரு ஜாண் வெற்றிடம். யாரோ மடியில் தூக்கி வைத்துக்கொண்டதுபோல் இருந்தான்.

மெர்ல் அந்த இடைவெளிக்குள் கையை நீட்டினாள். போகவில்லை. சூடாக இருந்தது. அசைந்தது.

அவனைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

"அக்கா..."

கிளைவின் வயிற்றில், சட்டைக்கு மேல், இரண்டு பக்கமிருந்தும், விரல் பதியும் பள்ளங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. பத்து.