அல்லிக்குளத்தில் நானூறு பிணங்கள்

பிணம்!

ஒன்றல்ல, இரண்டல்ல... நானூறு!

ஓரிக்கைக்கு அருகே, அல்லிக்குளத்தில் கெண்டையும் கெளுத்தியுமாக மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. தண்ணீர் பச்சைப்பசேல் என்றிருந்தது. பாசி இல்லை...

சாயம்!

கரையில் குனிந்து செத்த மீன்களை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள் அகிலா. குளப் பாதுகாப்புக் குழுவின் தலைவி அவள். வீட்டில் ஓடும் நாலு தறியைக்கூட மாமியார் தலையில் கட்டிவிட்டு, மூன்று வருடமாகச் சேறு வாரி, ஊரோடு மல்லுக்கட்டி மீட்ட குளம்.

"இதைச் செஞ்சது யாரா இருந்தாலும் உள்ள போயாகணும் சார். சமாதானம் கிமாதானம்னு யாரும் வரக் கூடாது."

சப்-இன்ஸ்பெக்டர் கிறிஸ்டோபர் புகாரை எழுதிக்கொண்டார். அவருடைய சர்வீஸில் மீன்கள் செத்ததற்கு வரும் முதல் புகார்!

தடயம்?

கிடைத்தது. மதகுக் கம்பியில் சிக்கியிருந்த ஒரு முழம் பட்டு நூல். அதே பச்சை!

குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை ஒட்டி மூன்று சாயப்பட்டறைகள். முதல் பட்டறைக்காரர் நூலை வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, இது வழக்கமாகப் போடும் கலர் இல்லை, யாரோ தனியாகச் சொல்லிக் கலக்கியது என்றார். இரண்டாவது பட்டறை பத்து நாளாகப் பூட்டிக் கிடந்தது.

மூன்றாவது, குமாரசாமியின் பட்டறை.

அகிலா நூலை நீட்டினாள். குமாரசாமி மழுப்பவே இல்லை!

"நம்ம நூலுதான்மா. சாயத் தண்ணிய வாய்க்கால்லதான் வுட்டேன். கழிவுத் தொட்டி ரொம்பிக்கினு இருந்துது. லாரி வந்து எடுத்துக்கினு போவ நாலு நாள் ஆவும்னேன், பார்ட்டி ஒத்துக்கல."

"அந்தப் பார்ட்டியையும் சேர்த்து எழுதுங்க சார். அவங்கதான் முதல் குற்றவாளி."

குமாரசாமி தயங்கினார். பிறகு கொல்லைக் கதவைத் தள்ளித் திறந்தார்.

கழி நிறையப் பச்சைப் பட்டு காய்ந்துகொண்டிருந்தது.

"உங்க தறிக்குதான்மா. அடுத்த மாசம் பசுமை விருது வாங்குறப்போ குழுவுல பன்னெண்டு பேரும் ஒரே மாதிரி பொடவ கட்டணும்னு புங்க இலைய குடுத்து அதே கலர் கேட்டீங்க. தொட்டி ரொம்பிடுச்சின்னு சொன்னதுக்கு, 'எப்படியாவது முடி, எப்படின்னு என்கிட்ட சொல்லாத'ன்னு போனை வெச்சிட்டீங்க."

அகிலாவுக்கு அந்தப் போன் நினைவுக்கு வந்தது. அப்படித்தான் சொன்னாள். அச்சு அசல் அதே வார்த்தை! வெட்கத்தில் காது மடல் எரிந்தது.

கிறிஸ்டோபர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மேடம்... புகாரைக் கிழிச்சிடவா?"

ஒரு நிமிடம்... சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. செத்த மீன்களின் நாற்றம் இன்னும் அவள் கையில் இருந்தது.

"வேணாம் சார். என் பேரை முதல்ல எழுதுங்க. இவரு ரெண்டாவது."

கிறிஸ்டோபர் பேனாவைத் திறந்தார்.

"புகார் குடுத்தவங்களே குற்றவாளி. தேடி அலைய வேணாம், ஜீப்புக்கு டீசல் மிச்சம்... சுற்றுச்சூழலுக்கு ரொம்ப நல்லது மேடம்!"