தூக்குச்சட்டியில் நாலு அரிசி

திருட்டுப்போன பொருள் திரும்பி வந்த பிறகு யாராவது துப்பறியச் சொல்வார்களா? மருதம்மாள் சொன்னாள். மலாயாவில் திகாம் பத்துவை ஒட்டிய ரப்பர் தோட்டத்தின் ஆஸ்பத்திரிக்குள் விடியற்காலையிலேயே ஓடிவந்து, மூன்றடுக்குத் தூக்குச்சட்டி ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"டிரெஸ்ஸர் ஐயா, எங்க வீட்டுக்காரரு சயாம்லேருந்து வந்துட்டாரு! ஜப்பான்காரனுக்குப் பயந்து எங்கயோ ஒளிஞ்சிருக்காரு. கண்டுபிடிச்சுக் கொடுங்க."

தோட்டத்துக்கு வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் தர்மலிங்கம் நிமிரவில்லை. சின்னையாவின் காலில் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். மருந்து ஏது, வெறும் உப்புத்தண்ணீர்தான். சயாம் ரயில் பாதைக்குப் போய் உயிரோடு திரும்பியவன் அந்தத் தோட்டத்தில் சின்னையா ஒருவன்தான். கோவில் கொட்டகையில்தான் தங்கியிருந்தான். தன் கணவன் முருகையாவைப் பார்த்தாயா என்று மருதம்மாள் கேட்டபோதெல்லாம், "நான் வேற கேம்பு, அண்ணி" என்பான்.

"உக்காரும்மா. முதல்லேருந்து சொல்லு."

முருகையா பழைய பால்வாளித் தகரத்தில் அந்தச் சட்டியைச் செய்து முடித்த வாரமே ஜப்பான்காரர்கள் அவனை ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் வந்த பிறகுதான் அதில் சோறு என்று அவள் பெட்டிக்கடியில் வைத்திருந்தாள். வெளியில் ஒருவரும் பார்த்ததில்லை. சயாமில் இருப்பவர்களுக்குக் காய்ச்சல் மருந்து கொய்னா வாங்கி அனுப்பக் கோவிலில் ஏலம் என்றதும், அதையே கொடுத்துவிட்டாள். உயிரோடிருப்பவன் சாமானை விற்கிறாள் என்று ஊர் பேசுமே! அதனால் பெயர் சொல்லாமல், டிரெஸ்ஸரின் உதவியாளன் அழகேசன் கையில் கொடுத்தனுப்பினாள். ஏலத்துக்கு முன்பே சட்டி காணாமல் போனது. இன்று காலை அவள் வாசலில் இருந்தது.

"கழுவி வச்சிருக்காரு ஐயா. அடித்தட்டுல நாலு அரிசிகூட! சேத்துல ஒரு கால்தடம், பக்கத்துல கம்பு ஊனின குழி. கால்ல அடிபட்டிருக்கு போல."

"கோவில் செயலாளர் பரஞ்சோதிதான் அண்ணே!" என்று குதித்தான் அழகேசன். "கொட்டகையில வச்ச ஏலச் சாமானுக்கு அவர்தானே பொறுப்பு!"

"இது யார் வீட்டுச் சட்டின்னு அவருக்கு நீ சொன்னியா?"

"சாமி சத்தியமா இல்ல."

"அதான் ஐயா! செஞ்ச கைக்குத்தானே தெரியும்?" என்று சிரித்தாள் மருதம்மாள். அந்தத் தோட்டத்தில் ஒரு பெண் சிரித்து வெகுகாலமாகியிருந்தது.

தர்மலிங்கம் சட்டியைத் திருப்பிப் பார்த்தார். மாங்காய் போல வளைத்த செப்புக்கம்பிக் கொக்கி. கடையில் கிடைக்காத வேலை.

"அண்டைவீட்டுப் பாத்திரத்தை வெறுமையா திருப்பிக் கொடுப்பியா மருதம்மா?"

"அதெப்படி ஐயா? ஒரு சிட்டிகை ஏதாவது போட்டுத்தான்..." அவள் கண் அடித்தட்டுக்குப் போனது.

"சொந்த வீட்டுச் சட்டிக்கு யாரும் அந்த மரியாதை செய்யறதில்லம்மா. புருஷன் பொண்டாட்டிக்கு நாலு அரிசியா கொண்டுவருவான்? இது வெளியாள் கை."

"வெளியாளுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றான் அழகேசன்.

"இதே கொக்கியை வேற எங்கயோ பார்த்திருக்கணும். இங்க யாரும் பார்த்ததில்ல. அப்போ சயாம்லதான். விக்கறதுக்காகவும் எடுக்கல, திருப்பி வச்சுட்டான். அவனுக்கு இந்தச் சட்டி ஏலம் போகக்கூடாது, அவ்வளவுதான். அந்தக் கொய்னா போய்ச் சேர ஆளில்லன்னு தெரிஞ்சவன்..." பாழாய்ப்போன இந்தப் புத்தி இன்றைக்கு ஒரு நாள் வேலை செய்யாமல் இருந்திருக்கக் கூடாதா என்று நொந்துகொண்டார். "சின்னையா, நீ வேற கேம்புன்னு சொன்னியே?"

சின்னையாவின் கையிலிருந்த ஊன்றுகோல் நழுவி விழுந்தது.

"அங்கயும் ஒண்ணு செஞ்சாரு அண்ணி, இதே கொக்கி வச்சு. காய்ச்சல்ல கிடந்தப்ப அதுலதான் எனக்குக் கஞ்சி ஊத்தினாரு. அப்புறம் அவருக்கு வாந்திபேதி. நாந்தான் மண்ணு தள்ளினேன். செத்தவருக்கு மருந்து வாங்க நீங்க இதை விக்கறதைப் பார்க்க முடியல. சொல்லவும் வாய் வரல."

மருதம்மாள் அழவில்லை. அடித்தட்டைத் திறந்து அரிசியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, சட்டியை அழகேசன் பக்கம் தள்ளினாள்.

"ஏலத்துலயே வை தம்பி. வேற எவ புருஷனாவது உசுரோட இருப்பான்."

பிறகு உள்ளங்கையைப் பார்த்தாள்.

"வாய்க்கரிசி இருக்கு ஐயா. போடத்தான் வாய் இல்ல."