நிலைக்கால்

காலியான வீட்டில் பென்சில் சீவிய வாசனை அடித்தது.

சாமான் வண்டி மதியமே போய்விட்டது. கட்டில் இழுபட்ட தடமும், காலண்டர் தொங்கிய ஆணியும், தரையில் காய்ந்துகொண்டிருந்த பினாயில் ஈரமும்தான் மிச்சம். பெரியவர் மூலை மூலையாகப் படம் பிடித்துக்கொண்டு வந்தார். உடையாத ஜன்னல், ஒழுகாத குழாய், கறையில்லாத சுவர். குடியிருந்த வீட்டைப் பாழாக்கிவிட்டுப் போனார்கள் என்ற பேச்சு அவர் குடும்பத்தின்மேல் விழுந்ததே இல்லை. கால் கடுத்தது. இங்கே வந்ததிலிருந்து எல்லோருக்கும் அசதிதான். மகனும் மருமகளும் சாப்பிட்ட தட்டின் முன்னாலேயே கண்ணயர்ந்துவிடுவார்கள். அவர் ஒருவர்தான் முதுகு வளையாமல் நடமாடினார்.

வீட்டுக்காரர் போன் செய்தார்.

"பெரியவரே, நேத்து வந்தப்ப பார்த்தேன், பின்னறை நிலைக்கால் பூரா பென்சில் கோடு. பேரப்பிள்ளைக்கு உயரம் அளந்தீங்களாக்கும்? பெயிண்ட் செலவை அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவேன்."

"எங்க வீட்டுல குழந்தை கிடையாது." அதை அந்நியரிடம் சொல்ல நேர்ந்ததில் அவர் முகம் சுருங்கியது. "நாங்க வந்தப்பவே இருந்த கோடுங்க அது."

"அப்ப போட்டோ காட்டுங்க. இப்ப உள்ளதையும் எடுங்க. பக்கத்துல நீங்களே நில்லுங்க, உயரம் தெரியும். வாய்வார்த்தையை நம்பி நான் ஏமாந்தது போதும்."

வாய்வார்த்தையாம். அவர் சொல்லுக்கு இதுவரை யாரும் சாட்சி கேட்டதில்லை.

குடிவந்த அன்று மருமகள் எல்லா அறைகளையும் படம் எடுத்து அவருக்கும் அனுப்பியிருந்தாள். "நாம என்ன திருடங்களாம்மா?" என்று அன்று கடிந்துகொண்டவர், இன்று அதைத் தேடித் திறந்தார். பின்னறைக் கதவின் இடது நிலைக்காலில் கோடுகள் இருந்தன. ஓர் ஆள் உயரத்தில் தொடங்கி, சீப்புப் பற்கள்போல் நெருக்கமாக, தரைவரை. வலது நிலைக்கால் சுத்தமாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். வலதிலும் கோடுகள்.

மேல்கோடு சரியாகத் தாழ்ப்பாள் உயரம். அது மகனின் உயரம். வந்த அன்று அங்கே நின்றவனைப் பார்த்து அவர் மனத்துக்குள் பெருமைப்பட்டிருக்கிறார். அதன் கீழே விரற்கடை விட்டு இன்னொன்று. அதன் கீழே இன்னொன்று. கடைசிக் கோட்டைத் தொட்டார். விரலில் கரித்தூள் ஒட்டியது.

புது வீட்டிலிருந்த மருமகளைப் போனில் கூப்பிட்டார். "நிலைக்கால்ல யாராவது கோடு போட்டீங்களாம்மா?"

"நாங்க படுக்கிற ரூம்லயா? இல்லையே மாமா. இருட்டுறதுக்குள்ள கிளம்புங்க. உங்க பிள்ளை கூத்தைக் கேளுங்க, போட்டிருக்கிற பேன்ட் தரையைக் கூட்டுது. புது வீட்டுக்கு விளக்குமாறே வேணாம்."

போனில் அவளுக்குப் பின்னால் மகன் சிரித்தான். குரல் கீச்சென்று இருந்தது.

காலையில் அவன் நுனிக்காலில் எக்கித் தாழ்ப்பாளைத் திறந்தது நினைவுக்கு வந்தது. "நேரா நில்லுடா. நம்ம குடும்பத்துல எவனும் கூன் போட்டதில்ல" என்று அப்போது அவர் அதட்டினார். "நேராத்தான்ப்பா நிக்கிறேன்" என்றான்.

போய்விடலாம். செருப்பு வாசலில்தான் கிடந்தது. ஆனால் வந்தபோதே இருந்த கோடுகள் என்று சொல்லியாகிவிட்டது. பாதி பொய். இருப்பதை இருக்கிறபடி எடுத்து அனுப்பிவிட்டுப் போவதுதான் மரியாதை.

எதிர் ஜன்னல் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்தார். விளிம்பு அவர் நெஞ்சளவு. தானாக அடுத்தடுத்துப் படம் எடுக்கும்படி வைக்க மருமகள் சொல்லிக்கொடுத்திருந்தாள். வலது நிலைக்காலில் முதுகைப் பதித்து, குதிகால் சேர்த்து, விறைத்து நின்றார்.

க்ளிக்.

பென்சில் வாசனை மூக்குக்கு மிக அருகில் வந்தது.

உச்சந்தலையில் ஓர் உள்ளங்கை அமர்ந்தது. தட்டையாக. குழந்தைக்கு அளவெடுக்கும்போது வைப்பதுபோல், மிருதுவாக. காதோரம் மரத்தில் பென்சில் இழுபட்டது.

க்ளிக்.

கை எடுக்கப்படவில்லை. இறங்கியது. தலையும் கூடவே இறங்கியது. முழங்கால் மடங்கவில்லை. முதுகு மரத்தைவிட்டு நகரவில்லை. மறுபடி பென்சில்.

க்ளிக்.

ஜன்னல் விளிம்பு அவர் கழுத்தளவில் இருந்தது.

க்ளிக்.

மோவாயளவில்.

அவர் நேராகத்தான் நின்றுகொண்டிருந்தார்.